இடம் போட்டு வைத்தவள்

வேல்விழி அந்த சீட்டில் உட்கார்ந்து போனது மொத்தம் பதினோரு நாள்.

அதற்கு முன்பெல்லாம் நின்றுகொண்டுதான் போனாள். ஊத்துக்குளியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆள் ஏற்றிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிற பஸ் அது. கார்த்திகைப் பனியில் அதன் முன்விளக்குகள் இரண்டும் மோருக்குள் விழுந்த மாதிரி மங்கலாக வரும். முதல் நாள் படியேறியபோது உள்ளே பாதி சீட்டுகள் காலியாக இருந்தன. அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து புருசனோடு பிழைக்க வந்து ஒரு வாரம்கூட ஆகாதவளுக்கு அந்தக் காலி சீட்டுகளின் குணம் தெரியவில்லை.

உட்காரப் போன இடத்தில் ஒரு கர்ச்சீப் விரித்திருந்தது. “அங்க ஆளு வருதுங்” என்றாள் பக்கத்தில் இருந்தவள், முகத்தைத் திருப்பாமலே. அடுத்த சீட்டில் டிபன் பை. அங்கேயும் ஆள் வருகிறதாம். அதற்கடுத்ததில் மடக்கிய குடை ஒன்று சொகுசாகப் படுத்திருந்தது.

குடைக்கு இடம் உண்டு, எனக்கு இல்லையா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

நாலைந்து நாளில் பஸ்ஸின் சட்டம் பிடிபட்டது. யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. ஆனாலும் ஒவ்வொரு சீட்டுக்கும் பட்டாக்காரி இருந்தாள். முதல் ஸ்டாப்பில் ஏறுகிறவள் தனக்கு வேண்டியவளுக்காகக் கர்ச்சீப் போட்டு வைப்பாள். பனியன் வேஸ்ட் துணியில் ஒரு கிழிசலைக் கம்பியில் முடிந்து வைத்தால்கூட அது எல்லைக்கல். ஒருத்தி லீவு போட்டால் அவளுடைய கர்ச்சீப்பைத் தோழியிடம் கொடுத்தனுப்புவாள். கர்ச்சீப் உட்கார்ந்து போகும். மனுசி நின்று வருவாள்.

இடப்பக்கம் மூன்றாவது வரிசை மட்டும் வேறு மாதிரி இருந்தது. இருவர் உட்காரும் சீட்டு. ஜன்னலோரத்தில் ஜெயபாரதி உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் யாரும் இல்லை. கர்ச்சீப் இல்லை, பையும் இல்லை. அத்தனை நெரிசலிலும் அந்த இடம் வெறுமனே வந்தது.

முதல் நாளே வேல்விழி அதில் உட்காரப் போனாள். பின்சீட்டிலிருந்து ஒரு கை அவள் தோளைப் பிடித்து நிறுத்தியது. கம்பெனியில் இஸ்திரி டேபிளில் நிற்கும் மருதாள். ஐம்பது வயதிருக்கும். அவள் குரலுக்கு டிரைவரே திரும்பிப் பார்ப்பார்.

“அங்க உக்காராதே.”

“ஆள் வருதாக்கா?”

“வருது. நீ நின்னுட்டே வா.”

ஜெயபாரதி அப்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

கம்பெனியில் இருவருக்கும் எதிரெதிரே வேலை. தைத்து வந்த டி-சர்ட்டுகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளை உட்கார்ந்து வெட்டும் வேலை. ஜெயபாரதிக்கு வேல்விழியைவிட ஆறேழு வயது கூடுதல். பேச்சில் தேன் இருக்கும். “கண்ணு, அந்தக் கத்திரி மொண்ணை, இத எடுத்துக்க” என்று தன்னுடையதைக் கொடுப்பாள். சஷ்டிக்குச் சஷ்டி பட்டினி கிடப்பாள். கல்யாணமாகி எட்டு வருசமாகியும் மடி நிறையவில்லை. அதற்காக முருகனிடம் வைத்திருக்கும் வேண்டுதல் அது.

அதனால்தான் வேல்விழிக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு வாரம் தள்ளிப்போட்டாள். கடைசியில் ஒரு மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் குமட்டிக்கொண்டு வந்தபோது, மறைக்க முடியவில்லை.

“எத்தனை மாசம்?” என்றாள் ஜெயபாரதி, மெதுவாக.

“மூணாவது, ஜெயாக்கா. யார்ட்டயும் சொல்லிராதீய. புதுசா சேந்தவ மாசமா இருக்கான்னு தெரிஞ்சா, போயி பெத்துட்டு வான்னு அனுப்பிருவாக. அவுக ஒருத்தர் சாயப்பட்டறைச் சம்பளத்துல வாடகைகூடக் கட்ட முடியாது.” கொஞ்சம் நிறுத்தி, “போன தடவை நாலாம் மாசத்துலயே தங்காமப் போச்சுக்கா. இதுவும் போச்சுன்னா நான் அவ்வளவுதான். பஸ்ஸுல அந்தக் குலுக்கல்ல நின்னுக்கிட்டு வர்றதுதான் பயமா இருக்கு” என்றாள்.

ஜெயபாரதியின் கண் நிறைந்துவிட்டது. வேல்விழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தனக்கில்லாத ஒன்றைக் கேட்டு இப்படி அழுகிற மனசு யாருக்கு வரும் என்று வேல்விழி நெகிழ்ந்துபோனாள்.

மறுநாள் காலை மூன்றாவது வரிசையில் ஜெயபாரதிக்குப் பக்கத்தில் ஒரு கர்ச்சீப் விரித்திருந்தது. துவைத்து மடித்த, ரோஜா நிறக் கர்ச்சீப்.

“வா வேலு. உனக்குத்தான் எடம் போட்டு வெச்சிருக்கறேன்.”

அந்த ஊருக்கு வந்தபின் அவளுக்கென்று யாரும் எதையும் ஒதுக்கி வைத்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்ததும் இடுப்பு வலி இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டாள்.

பின்னாலிருந்து மருதாளின் மூச்சு கேட்டது. “நின்னுட்டு வரக் கூடாதா?” என்றாள்.

வேல்விழி திரும்பவில்லை. பஸ்ஸில் அவளுக்கும் இனி ஒரு எல்லைக்கல் உண்டு.

*

பழைய ஜின்னிங் மில் ஸ்டாப்பில் ஏற யாரும் கிடையாது. மில் மூடிக் கிடந்தது. மதில் ஓரம் சீமைக்கருவேல மரம் மண்டியிருந்தது. ஆனாலும் டிரைவர் ஆத்தப்பன் தினமும் அங்கே பஸ்ஸை நிறுத்துவார். பத்து எண்ணும் நேரம் நிற்கும். பிறகு கிளம்பும். நின்றுகொண்டு வந்த நாட்களில் வேல்விழி இதைக் கவனித்ததில்லை. உட்கார்ந்த அன்று கவனித்தாள்.

பஸ் நின்றது. யாரும் ஏறவில்லை.

ஆனால் படிக்கட்டுப் பக்கம் பஸ் இலேசாகத் தாழ்ந்தது, கனத்த ஆள் ஒருத்தி காலெடுத்து வைத்தால் தாழ்வது போல.

பிறகு நிமிர்ந்தது. பஸ் கிளம்பியது. முழங்காலில் சில்லென்று ஒரு காற்று பட்டது. பனிதான் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் மூடியிருந்தது.

சாயங்காலம் இறங்கும்போது ஆத்தப்பனிடம் கேட்டாள். “ஏன்ணே, ஆளே இல்லாத ஸ்டாப்புல நிப்பாட்டுறீங்க?”

“பழக்கமுங்க” என்றார். பிறகு கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

அடுத்தடுத்த நாட்களில் குளிர் முழங்காலிலிருந்து தொடைக்கு ஏறியது. கூடவே ஒரு வாடை. ஈரத் துணியை வெயில் காட்டாமல் மடித்து வைத்தால் வருமே, அந்த வாடை. அதற்குள் கொஞ்சம் மெஷின் ஆயில். ஜின்னிங் மில்லில் தொடங்கி கம்பெனி கேட் வரைக்கும் இருக்கும். கேட்டில் எழுந்து நின்றதும் போய்விடும். சாயங்காலம் திரும்பும்போது அந்த சீட்டு வெறும் சீட்டு.

“ஜெயாக்கா, உங்களுக்குக் குளுரலையா?”

“எனக்கா? இப்ப இல்லீங் கண்ணு” என்றாள் ஜெயபாரதி. தன் சால்வையை எடுத்து வேல்விழியின் மடியில் போர்த்திவிட்டாள்.

இதற்கிடையே மருதாள் யுத்தத்தை ஆரம்பித்திருந்தாள். ஒருநாள் சீட்டில் அவளுடைய சோற்றுத்தூக்கு இருந்தது. இன்னொரு நாள் ரோஜாக் கர்ச்சீப் ஜன்னல் வழியே பறந்து ரோட்டில் கிடந்தது. அதற்கும் அடுத்த நாள் சீட்டு முழுக்கத் தண்ணீர்.

“என்னக்கா இது?” என்றாள் வேல்விழி. அழுகை வந்துவிட்டது.

“பாட்டில் கவுந்துருச்சு.”

“தெனமும் கவுருமா?”

“எம் பாட்டிலு. எப்ப வேணா கவுரும்.”

ஜெயபாரதி சண்டைக்கு எழுந்தாள். “ஏனுங் மருதாளக்கா, இந்த பஸ்ஸு என்ன உங்களுக்குச் சீதனமா வந்ததா? ஒரு புள்ள உக்காந்து வந்தா உங்க சீட்டு என்ன தேஞ்சா போயிரும்?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். மருதாள் சிரிக்கவில்லை.

“நீ பேசாதே ஜெயா. என்னை வாயத் தொறக்க வெச்சுறாதே.”

“தொறங்க பாக்கலாம். இங்கயே, பஸ்ஸுக்குள்ளயே சொல்லுங்க.”

சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. மருதாள் ஒருமுறை ஜின்னிங் மில் இருக்கும் திசையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். ஜெயபாரதி தன் முந்தானையாலேயே சீட்டைத் துடைத்தாள்.

“உக்காரு கண்ணு. நான் இருக்கறேன்.”

*

மழை பிடித்துக்கொண்ட காலை அது. விடிந்து ஒரு மணி நேரமாகியும் இருட்டு கலையவில்லை. ஆத்தப்பன் உள்விளக்கைப் போட்டிருந்தார். அந்த நீல பல்பு சிமிட்டிச் சிமிட்டி எரிந்தது.

ஜின்னிங் மில். பஸ் நின்றது.

தாழ்ந்தது.

நிமிர்ந்தது.

சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த வேல்விழியின் காதருகே யாரோ பேசினார்கள். மூச்சு வாங்க, தாழ்ந்த குரலில்.

“பைய எடேன்.”

ஜெயபாரதி என்று நினைத்தாள். ஆனால் அது ஜெயபாரதியின் பேச்சு இல்லை. கொங்குப் பேச்சே இல்லை. அது அவளுடைய ஊர்ப் பேச்சு. பஸ்ஸில் அந்தப் பேச்சு பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

“கொஞ்சம் பைய எடேன் தாயி. நிக்க முடியல.”

கெஞ்சுகிற குரல். நின்று நின்று கால் வீங்கினவளின் குரல். அந்த அவதி வேல்விழிக்குத் தெரியும். தன்னையறியாமல் பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

வைத்த மறுகணம் மடியில் பாரம் இறங்கியது.

குழந்தையின் பாரம் இல்லை. ஒரு முழு மனுசியின் பாரம். ஈரமான முதுகு ஒன்று அவள் நெஞ்சில் சாய்ந்தது. நனைந்த தலைமுடி அவள் கன்னத்தில் ஒட்டியது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. எதிர் சீட்டின் கிழிந்த ரெக்சின் தெரிந்தது. நீல பல்பு தெரிந்தது. சேலை மட்டும் தொடையோடு அழுந்தி, மடிப்பு கலைந்து, கீழே கீழே போனது.

கத்த வாய் திறந்தாள். மூச்சுக்கு இடமில்லை.

அடிவயிற்றின் மேல் ஒரு உள்ளங்கை வந்து பதிந்தது. சில்லென்று. தேடுவது போல அங்குமிங்கும் நகர்ந்து, ஓரிடத்தில் நின்றது.

அப்படியே இருந்தது.

கஷ்டப்பட்டுத் தலையைத் திருப்பினாள். ஜெயபாரதி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தாள். மழை வழியும் கண்ணாடியில் அவள் கண் திறந்திருப்பது தெரிந்தது. அவள் உதடுகள் முருகன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தன.

கேட்டில் இறங்கியதும் வேல்விழி அவள் கையைப் பிடித்தாள். “அக்கா, நீங்க பாத்தீங்களா? என் மேல…”

“என்னத்த? தூங்கிட்டே வந்தியே கண்ணு. மசக்கையில, தூக்கத்துல அமுக்குவான் பேயி புடிக்கறது சகஜம்தான்.”

“தூங்கலக்கா.”

“பயந்துட்டு நாளைக்கு நின்னுட்டு வந்துறாதே. உனக்கு நிக்கறதுதான் ஆகாது.”

அன்று மத்தியானம் பாத்ரூமில் ரத்தம் பார்த்தாள். ஒரு சொட்டு. ஆனால் சிவப்பு சிவப்புதான். பர்மிஷன் போட்டுவிட்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஸ்கேன் திரையில் டாக்டரம்மா வெகுநேரம் எதையோ தேடினாள்.

“துடிப்பு இருக்கு. ஆனா இருக்க வேண்டிய அளவு இல்ல. மெதுவாயிருக்கு. ஏதாவது பாரம் தூக்கறீங்களா?”

வேல்விழி மடியில் கசங்கியிருந்த சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இரவு புருசன் முனீஸ் அவள் காலைப் பிடித்துவிட்டான். சாயம் ஏறி நீலமான விரல்கள். “நாளைக்கு லீவு போடு” என்றான். “போட்டா வேலை போயிரும்” என்றாள். “என்னத்தையோ மறைக்கிற” என்றான். மடியில் ஒருத்தி உட்காருகிறாள் என்று புருசனிடம் எப்படிச் சொல்வது? கட்டில் மட்டும் சொன்னது. அவள் புரளும்போதெல்லாம் கிறீச்சென்றது.

அதற்குப் பிறகும் அவள் அதே சீட்டில் போனாள் என்பதை யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் நிற்க பயம். மற்ற சீட்டுகளில் குடையும் பையும் உட்கார்ந்திருந்தன. ஜெயபாரதி தினமும் கர்ச்சீப் விரித்து, கைகொடுத்து, உட்கார வைத்தாள். தினமும் பாரம் வந்தது. தினமும் அந்தக் கை வந்து, அதே இடத்தில் கொஞ்சம் கூடுதலாக அழுத்தியது. துடிப்பு ஒவ்வொன்றாக அங்கே கழன்று போவது போல இருந்தது.

*

கடைசியில் மருதாள்தான் அவளைப் பிடித்தாள். டீ நேரத்தில், அட்டைப்பெட்டிகள் அடுக்கி வைத்த மூலைக்கு இழுத்துப் போனாள். இஸ்திரிச் சூட்டில் வெந்துபோன கைகள்.

“மாசமா இருக்கறயா?”

வேல்விழி தலையைக் குனிந்தாள்.

“நெனச்சேன். மொகமே வெளுத்துப் போச்சு.” மருதாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். “பஸ்ஸுக்குள்ள வெச்சு அவ பேரச் சொல்ல மாட்டம். சொன்னா திரும்பிப் பாக்கறா. இங்க சொல்றேன். ராமுத்தாயின்னு ஒருத்தி. உங்க சீமைக்காரிதான். ஜின்னிங் மில்லுல ஏறுவா. தெனமும் அவளுக்கு எடம் போட்டு வெக்கறது யாருன்னு நெனைக்கற? ஜெயாதான். ரெண்டு பேரும் அவ்வளவு ஒட்டு. ராமுத்தாயி மாசமானா. வாந்தி வருது, ஜன்னலோரம் நான் உக்காந்துக்கறேன்னு கேட்டா. ஜெயா தர மாட்டேன்னுட்டா. ஜன்னலு அவளோடதாம். அதுல ரெண்டு பேருக்கும் பேச்சில்லாமப் போச்சு.”

“ஒரு ஜன்னலுக்கா?”

“ஒரு ஜன்னலுக்குத்தான். நல்ல மழை அன்னைக்கு. ராமுத்தாயிக்கு ஏழு மாசம். ஏறி வந்து நிக்கறா. ஜெயா பக்கத்து சீட்டுல தம் பைய வெச்சுட்டு வெளிய பாத்துட்டு உக்காந்திருக்கறா. ‘பைய எடேன்’னா இவ. ரெண்டு தடவை கேட்டா. ஜெயா திரும்பல. நாங்களும் எந்திரிக்கல. நாலு சீட்டுல பை உக்காந்திருந்துது கண்ணு, எம் பையும்தான். அவ கம்பியப் புடிக்கலாம்னு வாசப் பக்கம் போனா. திருப்பத்துல பஸ்ஸு ஒடிச்சுது, அவ வெளிய விழுந்துட்டா. பின்சக்கரம்.”

ஓவர்லாக் மெஷின்கள் தூரத்தில் இரைந்துகொண்டிருந்தன.

“அன்னையில இருந்து அவ வந்து ஜெயா பக்கத்துல உக்காருவா. ஜெயா சீட்டு மாத்தி உக்காந்து பாத்தா, அங்கயும் வந்தா. புருசன் ஸ்கூட்டர்ல போனாலும் மில்லத் தாண்டுனதும் பின்னால ஆளு ஏறுனாப்ல வண்டி இழுக்குதுன்னானாம். சும்மா உக்காந்து வருவா, அவ்வளவுதான். ஒண்ணும் பண்ண மாட்டா. ஆனா போன வருசம் ஒடிசாக்காரப் புள்ள ஒண்ணு தெரியாம அந்த சீட்டுல உக்காந்துச்சு. அது மாசமா இருந்துருக்குது. அது மடி மேலயே ஏறி உக்காந்துட்டா. மூணு வாரத்துல அந்தப் புள்ளைக்குக் கலைஞ்சு போச்சு. அதுக்கப்பறம் யாரையும் நான் அங்க உக்கார உடறதில்ல.”

வேல்விழி பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். “ஒடிசாப் பொண்ணு கதை… ஜெயாக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியுமாவா? அந்தப் புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனவளே அவதான்.”

கத்திரியைக் கொடுத்த கை. முந்தானையால் சீட்டைத் துடைத்த கை. சால்வை போர்த்திய கை.

“நான் மாசமா இருக்கேன்னு சொன்ன மறுநாள்தான் எடம் போட்டாக. நான் அவுகளுக்கு என்ன பண்ணுனேன்?”

“அதுதான் எனக்கும் வெளங்கல” என்றாள் மருதாள். “இத்தனை வருசமா அவ பக்கத்துலதான் உக்காந்து வந்துது. ஜெயாவ ஒண்ணும் பண்ணல. புள்ளையில்லாதவள அது என்ன பண்ணும்? உன்னக் கொண்டாந்து உக்கார வெக்கோணும்னு அவளுக்கு என்ன தலையெழுத்து?”

*

மறுநாள் பனி மூடிக் கிடந்தது. வேல்விழி படியேறினாள். மூன்றாவது வரிசையில் ரோஜாக் கர்ச்சீப் காத்திருந்தது.

“வா கண்ணு.”

அவள் அந்த வரிசையைத் தாண்டிப் போனாள். மருதாள் எழுந்து நின்றாள். இந்தப் பஸ் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து யாருக்கும் விட்டுக்கொடுக்காத தன் சீட்டைக் கையால் தட்டிக் காட்டினாள்.

“இங்க உக்காரு.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. யாரோ ஒருத்தி, “மருதாளக்காளுக்கு மேலுக்கு முடியலையா?” என்றாள். சிரிப்பு எழவில்லை.

ஜெயபாரதி திரும்பினாள். “வேலு, என்ன இது? எடம் போட்டு வெச்சிருக்கறேன்ல?”

“நீங்களே வெச்சுக்கங்க.”

“ஆகாதவங்க பேச்சக் கேட்டுட்டு வந்திருக்கறயா? நான் உன்ற கூடப் பொறந்தவ மாதிரி…”

“ஆஸ்பத்திரிக்கு யாரக் கூட்டிட்டுப் போனீங்கக்கா, போன வருசம்?”

ஜெயபாரதியின் முகம் வெளிறிப்போனது. பஸ் அடுத்த ஊரைத் தாண்டியது. அதற்கடுத்த ஊரையும். ஜன்னலில் சீமைக்கருவேலம் தெரிய ஆரம்பித்ததும் அவள் அவசர அவசரமாகக் கர்ச்சீப்பை எடுத்துவிட்டுத் தன் சாப்பாட்டுப் பையைக் காலி சீட்டில் வைத்தாள். அதன் மேல் குடையை. அதன் மேல் சால்வையைச் சுருட்டி.

“ஆத்தப்பண்ணா, நிறுத்தாதீங்க” என்றாள். “இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நிறுத்தாதீங்ணா!”

ஆத்தப்பன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவர் கால் பிரேக்கின் மேல் இல்லை. அதைப் பிறகு சத்தியம் செய்து சொன்னார்.

பஸ் நின்றது.

தாழ்ந்தது.

நிமிர்ந்தது.

வேல்விழி இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். ஈரத் துணி வாடை நடைபாதையில் வந்தது. மெதுவாக வந்தது. அவள் முழங்காலைக் குளிர் தொட்டது. அங்கே நின்றது. அவளைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல நின்றது.

பிறகு முன்னால் போனது.

“பைய எடேன்.”

இந்த முறை பஸ் முழுக்கக் கேட்டது. ஒருத்தி விசும்பினாள். இன்னொருத்தி தன் பக்கத்திலிருந்த டிபன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு இன்னொருத்தி. வரிசை வரிசையாகப் பைகளும் குடைகளும் கர்ச்சீப்புகளும் மறைந்தன. பஸ் முழுக்கக் காலி சீட்டுகள்.

அந்த வாடை எங்கும் போகவில்லை. மூன்றாவது வரிசையிலேயே நின்றது.

ஜெயபாரதி சீட்டோடு ஒட்டிக்கொண்டு, பின்னால் கையை நீட்டி வேல்விழியின் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

“வந்துரு வேலு. ஒரே ஒரு மாசம். நாள் கொஞ்சம் தாண்டிட்டா போதும். உனக்கு இன்னொண்ணு பொறக்கும், உனக்கு வயசிருக்குது. வா கண்ணு, வந்து உக்காரு.”

“ஏன்க்கா?” என்றாள் வேல்விழி. “எம்புட்டு நம்புனேன். ஏன்க்கா என்னைய உக்கார வெச்சீக?”

காலி சீட்டில் இருந்த பை நகரவில்லை. சால்வை நகரவில்லை. குடை நகரவில்லை. அந்த இடம் வேண்டியிருக்கவில்லை போலும்.

ஜெயபாரதியின் சேலைதான் நகர்ந்தது. மடியில், கொசுவத்துக்கு மேலே, துணி மெல்ல அழுந்தியது. தொடையோடு ஒட்டியது. அவள் முதுகு சீட்டில் புதைந்தது. கன்னத்தில் ஈரம் பட்டாற்போல முகத்தைச் சுளித்தாள். வேல்விழியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன.

அவள் கண் தன் மடியைவிட்டு அகலவில்லை. வேல்விழிக்குச் சொன்னாளோ, மடியில் இருந்தவளுக்குச் சொன்னாளோ.

“ராமுத்தாயி… வேண்டாம். எட்டு வருசம் கழிச்சு, எனக்கும் வயித்துல இருக்குது.”